பதவி உண்டு, அதிகாரம் இல்லை: கால்பந்துக் கழகங்களுக்கு எங்கள் கண்டனம்

கண்டன அறிக்கை

ஆண்கள் தொழில்முறைக் கால்பந்தில் ஒரு பெண் பயிற்சியாளராக அமர்த்தப்படும்போதெல்லாம் அவர்மீது கொட்டப்படும் ஏளனத்தையும், அதைவிட முக்கியமாக, அவரை விளம்பரத்துக்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டு கைகழுவும் கழக நிர்வாகங்களின் போக்கையும் எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. மகளிர் கால்பந்துப் பயிற்சியாளர்கள், நடுவர்கள், முன்னாள் வீராங்கனைகள் சேர்ந்து நடத்தும் சங்கம் இது. மைதானத்துக் கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் நின்று பழகியவர்கள்தாம் இதை எழுதுகிறோம்.

கண்டனம் யாருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பார்வையாளர் மாடத்திலிருந்து கத்துகிறவருக்கும், பெயரை மறைத்துக்கொண்டு கைப்பேசியில் திட்டுகிறவருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அவர்களைக் கண்டித்து அறிக்கை விடுவது எளிது. கழகங்களே அதைச் செய்துவிடுகின்றன. வெறுப்புக்கு எங்களிடம் இடமில்லை என்று ஒரு வரி போட்டால் வேலை முடிந்தது. அந்த வரியைப் போடும் நிர்வாகம், எந்த வீரரை வாங்கப்போகிறோம் என்று தான் அமர்த்திய பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டதா? எங்கள் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

பிரான்சின் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த கிளெர்மோன் கழகம், 2014 மே மாதம் போர்ச்சுகல் நாட்டின் ஹெலேனா கோஸ்டாவைத் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தது. ஐரோப்பியத் தொழில்முறைக் கால்பந்தின் முதல் இரண்டு பிரிவுகளில் ஆண்கள் அணிக்கு ஒரு பெண் தலைமை ஏற்பது அதுவே முதல்முறை என்று உலகமெங்கும் செய்தி ஓடியது. கோஸ்டா புதியவர் அல்லர். கத்தார், ஈரான் மகளிர் தேசிய அணிகளுக்குப் பயிற்சி அளித்தவர். ஸ்காட்லாந்தின் செல்டிக் கழகத்துக்காக ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவர். அப்படிப்பட்டவர் ஒரு போட்டிகூட நடக்கும் முன்னர், ஜூன் மாதமே விலகிவிட்டார்.

காரணத்தை அவரே சொன்னார். அவருக்குத் தெரியாமல் புதிய வீரர்கள் ஒப்பந்தம் செய்யப்பட்டார்கள். அவரைக் கேட்காமல் நட்புமுறைப் போட்டிகள் முடிவாயின. அவர் அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதில் வரவில்லை. விளம்பரத்துக்கான ஒரு முகமாகத்தான் தன்னை அழைத்திருக்கிறார்கள் என்பது புரிந்ததும் போய்விட்டார். பயிற்சி தரும் எவரும் இந்தப் பட்டியலைப் படித்தால் நிலைமை விளங்கும். பருவம் தொடங்குவதற்கு முந்தைய ஆறேழு வாரங்களில்தான் ஒரு பயிற்சியாளர் தன் அணியைக் கட்டுகிறார். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், யாருடன் எந்த நாளில் மோதிப் பார்ப்பது, எப்போது ஓய்வு என்பதெல்லாம் அப்போது முடிவாகும். அந்த முடிவுகளை வேறொருவர் எடுத்துவிட்டால், ஆகஸ்டில் கோட்டருகே நிற்பவர் வாங்கப்போகும் திட்டு மட்டுமே அவருடையது.

கழகத் தலைவர் க்ளோட் மிஷி அதற்கு என்ன சொன்னார்? அவர் ஒரு பெண், பெண்கள் நம்மை எதையெதையோ நம்பவைக்கக் கூடியவர்கள் என்ற பொருள்படச் செய்தியாளர்களிடம் பேசினார். ஒப்பந்தம், மின்னஞ்சல், போட்டி அட்டவணை என்று ஒருவர் வேலை சார்ந்து முறையிடுகிறார். பதிலாக அவருடைய பிறப்பைப் பற்றி ஒரு கருத்து வருகிறது. பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தப் பேச்சை நாங்கள் மறக்கவில்லை. மறக்கும் எண்ணமும் இல்லை.

அடுத்து நடந்ததையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். கிளெர்மோன் சில நாள்களில் இன்னொரு பெண்ணையே, பிரான்சுக்காக 121 போட்டிகள் ஆடிய கொரின் தியாக்ரை, அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது. தியாக்ர் மூன்று பருவங்கள் நின்றார். அணியை இரண்டாம் பிரிவிலேயே நிலைநிறுத்தினார். 2015இல் ஃபிரான்ஸ் ஃபுட்பால் இதழ் அவரை அந்தப் பிரிவின் சிறந்த பயிற்சியாளராகத் தேர்ந்தெடுத்தது. 2017இல் பிரான்ஸ் மகளிர் தேசிய அணிக்குப் போனார். அதே கழகம், அதே தலைவர். இதைக் காட்டி, கோஸ்டாவுக்குத்தான் தாக்குப்பிடிக்கத் தெரியவில்லை என்று இன்றும் வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்குத் தோன்றுவது வேறு: மூன்று பருவ அவகாசம் கொடுத்தால் ஒரு பெண்ணால் என்ன செய்ய முடியும் என்பதை அந்தக் கழகமே நிரூபித்துக் காட்டியிருக்கிறது. முதலாமவருக்கு அதை மறுத்தது ஏன் என்பதற்குத்தான் இதுவரை ஒழுங்கான விடை இல்லை.

இத்தாலியில் கதை இன்னும் பழையது. நாட்டுக்காக 105 கோல்கள் அடித்த கரோலினா மொராச்சே 1999இல் மூன்றாம் பிரிவிலிருந்த விதெர்பேசே அணிக்குப் பயிற்சியாளரானார். இரண்டே போட்டிகளில் விலகினார். கழகத்தின் உரிமையாளர் லூச்சியானோ கௌச்சி. இதே கௌச்சிதான் 2003இல், தனக்குச் சொந்தமான இன்னொரு கழகமான பெருஜாவின் ஆண்கள் அணியில் ஆட ஜெர்மனியின் பிர்கிட் பிரின்ஸை அழைத்தார். பிரின்ஸ் வேண்டாம் என்றார். ஆடவைப்பார்களா, பெஞ்சில் உட்காரவைத்துப் படம் எடுப்பார்களா என்ற ஐயம் யாருக்குத்தான் வராது? உலகக் கோப்பை வென்ற ஓர் ஆட்டக்காரர் காட்சிப் பொருளாக மறுத்ததை எங்கள் சங்கம் இன்றும் பெருமையோடு நினைக்கிறது.

இங்கிலாந்தில் ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் கழகம் 2023 ஜூலையில் ஹன்னா டிங்லியிடம் தற்காலிகப் பொறுப்பை ஒப்படைத்தது. அந்நாட்டில் ஓர் ஆண்கள் தொழில்முறை அணிக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் அவர். 2019 முதல் அதே கழகத்தின் இளையோர் பயிற்சிப் பள்ளியை நடத்தியவர். ஐரோப்பாவின் ஆக உயர்ந்த பயிற்சியாளர் தகுதியான ப்ரோ உரிமமும் அவர் கையில் இருந்தது. மெல்க்‌ஷம் டவுனுடன் ஒரே ஒரு நட்புமுறைப் போட்டி, 1-1. அதே மாதத்தில் நிரந்தரப் பயிற்சியாளராக ஓர் ஆண் வந்துவிட்டார். தற்காலிகம் என்று சொல்லியே கொடுத்தார்கள், எனவே சொல் தவறியதாக யாரும் குற்றம் சாட்ட முடியாது, நாங்களும் சாட்டவில்லை. ஆனால் அந்த இரண்டு வாரங்களில் கழகத்தின் பெயர் எத்தனை நாட்டுத் தொலைக்காட்சிகளில் வந்தது என்று எண்ணிப் பாருங்கள். நான்காம் பிரிவுக்கு இறங்கியிருந்த ஒரு சிறு கழகத்துக்கு அந்த விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. டிங்லிக்குக் கிடைத்தது 90 நிமிடங்கள்.

ஊடகங்களுக்கும் இதில் கணக்கு இருக்கிறது. ஜெர்மனியில் ஐந்தாம் அடுக்கில் ஆடிய க்ளோப்பென்பர்க் ஆண்கள் அணிக்கு 2018 இறுதியில் இம்கே வுப்பென்ஹோர்ஸ்ட் பயிற்சியாளரானார். ஆண்கள் உடைமாற்றும் அறைக்குள் நுழையும் முன், அவர்கள் கால்சட்டை போட்டுக்கொள்ள வசதியாகச் சங்கு ஊதி எச்சரிப்பீர்களா என்று ஒரு செய்தியாளர் கேட்டார். அதற்கு அவர் சொன்ன பதில் உலகப் புகழ் பெற்றது. இந்த அறிக்கையில் அச்சிட முடியாத அளவுக்குக் காரமானது. வீரர்களை எந்த அளவுகோலில் தேர்ந்தெடுப்பேன் என்று ஏளனத்தை ஏளனமாகவே திருப்பிக் கொடுத்தார். சிரித்தோம், கை தட்டினோம். ஆனால் யோசித்தால் கசக்கிறது. வீழ்ச்சியின் விளிம்பில் நிற்கும் ஓர் அணியை எப்படிக் காப்பாற்றப்போகிறார், தடுப்பாட்டத்தை எப்படி அமைப்பார், எந்த இளைஞரை இறக்குவார் என்று கேட்டிருந்தால் அவரும் அதைப் பற்றித்தானே பேசியிருப்பார்?

ஊடகங்களின் கேலி நடுவர்களையும் விட்டதில்லை. 2011 ஜனவரியில் உல்வ்ஸ், லிவர்பூல் அணிகள் மோதிய போட்டியில் சியான் மாசி துணை நடுவராகக் கொடி பிடித்தார். ஆஃப்சைடு விதியை யாராவது அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்று ஸ்கை ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியின் ரிச்சர்ட் கீஸும் ஆண்டி கிரேயும், ஒலிவாங்கி அணைந்திருக்கிறது என்ற நம்பிக்கையில், கேலி பேசினார்கள். லிவர்பூல் அடித்த முதல் கோலுக்கு முன் மாசி கொடியைத் தூக்காமல் நின்றார். மறுஒளிபரப்பில் பார்த்தபோது அந்த மயிரிழை முடிவு சரியாகவே இருந்தது. ஒரு வாரத்துக்குள் கிரே நீக்கப்பட்டார், கீஸ் விலகினார். பெண் வர்ணனையாளர்களைப் பற்றி எழுதிய கீழ்த்தரமான பதிவுகளுக்காக இங்கிலாந்தின் முன்னாள் வீரர் ஒருவரை 2025இல் லிவர்பூல் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்ததையும் வரவேற்கிறோம். ஆனாலும் எல்லாவற்றையும் நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ள முடியாது. முடிய வேண்டும் என்று நாங்கள் விரும்பவும் இல்லை.

இனி அனுபவ வாதத்துக்கு வருவோம். எங்கள் உறுப்பினர்கள் அனைவரும் ஒருமுறையாவது காதில் வாங்கியது இது: ஆண்கள் கால்பந்தின் உச்சத்தில் ஆடிப் பழகாதவர், ஆண்களுக்கு எப்படிச் சொல்லித்தர முடியும்? நல்லது. ஆரிகோ சாக்கி தொழில்முறை ஆட்டக்காரராக இருந்ததே இல்லை; காலணி விற்றுக்கொண்டிருந்தவர். ஏசி மிலானை இரண்டு முறை ஐரோப்பிய வாகையராக்கினார். ஜோசே மொரின்யோவின் ஆட்ட வாழ்க்கையை நினைவில் வைத்திருப்பவர் எத்தனை பேர்? முழங்கால் காயத்தால் முதுநிலை ஆட்டத்துக்கே வராத யூலியன் நாகல்ஸ்மன், 2016இல் 28 வயதில் புண்டஸ்லிகாவில் ஹோஃபென்ஹைம் அணியைக் கையில் எடுத்தபோது, மேதை என்று கொண்டாடினார்கள். கொண்டாடியதில் தவறில்லை, அவர் மேதைதான். அதே ஆண்டு ஹாங்காங்கில் 27 வயதுச் சான் யுவென்-டிங் ஈஸ்டர்ன் அணியை 21 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் வாகையராக்கினார். ஒரு நாட்டின் முதல் பிரிவில் ஆண்கள் அணியை வாகையராக்கிய முதல் பெண் என்று கின்னஸ் பதிவு செய்தது. ஐரோப்பாவில் எந்தக் கழகம் அவர் வீட்டுக் கதவைத் தட்டியது?

அவரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் மறுநொடியே ஓர் எண்ணைச் சொல்வார்கள்: 7-0. ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் 2017 பிப்ரவரியில் சானின் அணி குவாங்சூ எவர்கிராண்டிடம் தோற்ற கணக்கு. கோடிகளைக் கொட்டிப் பிரேசில் வீரர்களை வாங்கிக் குவித்த அணி அது. அந்த அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? லூயிஸ் ஃபிலிப்பே ஸ்கொலாரி. 2014 உலகக் கோப்பை அரையிறுதியில், சொந்த மண்ணில், பெலோ ஒரிசான்டேயில் ஜெர்மனியிடம் 7-1 என்று வாங்கிய பிரேசில் அணிக்கும் பயிற்சியாளர் அவர்தான். அன்று ஸ்கொலாரியின் வியூகத்தைத் திட்டினார்கள், தேர்வைத் திட்டினார்கள். ஆண்களுக்குக் கால்பந்து சரிப்படாது என்று ஒருவரும் எழுதவில்லை.

அனுபவம் எங்கே என்று கேட்பவர்களுக்கு வரலாறும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் நகரின் குடிசன் பார்க்கில் டிக் கெர் மகளிர் அணியின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். ஓராண்டு முடிவதற்குள், 1921 டிசம்பர் 5இல், இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாது என்று சொல்லி, தன்னுடன் இணைந்த கழகங்களின் மைதானங்களை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் பெண்களுக்கு மூடியது. அந்தத் தடை ஏறத்தாழ 50 ஆண்டுகள் நீடித்தது. மேற்கு ஜெர்மனியின் சங்கம் 1955இல் தடை போட்டது. பந்துக்காக மல்லுக்கட்டினால் பெண்மையின் நளினம் போய்விடும், உடலும் மனமும் கெடும் என்றது. 1970இல்தான் விலக்கியது. பிரேசிலில் 1941 முதல் 1979 வரை சட்டமே தடுத்தது. மைதானத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவர்கள், உனக்கு ஆடிய அனுபவம் இல்லையே என்று இப்போது கேட்கிறார்கள்.

ஒழுங்கு, கட்டுப்பாடு என்ற வாதமும் உண்டு. பெண் தலைமையில் ஆண்கள் அடங்கமாட்டார்களாம். 2024 ஜனவரியில் பயர்ன் மியூனிக்குடனான ஆட்டத்தில் யூனியன் பெர்லின் அணியின் தலைமைப் பயிற்சியாளர் நெனாட் பியெலிட்சா, எதிரணியின் லெராய் சானேயின் முகத்தில் கை வைத்துத் தள்ளினார். சிவப்பு அட்டை, பிறகு மூன்று போட்டித் தடை. சில நாள்கள் கழித்து டார்ம்ஷ்டாட்டுக்கு எதிராகக் கோட்டருகே பொறுப்பேற்று நின்ற இரு துணைப் பயிற்சியாளர்களில் ஒருவர் மாரி-லூயிஸ் எட்டா. 2023 நவம்பரில் புண்டஸ்லிகாவின் முதல் பெண் துணைப் பயிற்சியாளர் ஆனவர். 2010இல் போட்ஸ்டாம் அணியோடு ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக் வென்றவர். யூனியன் 1-0 என வென்றது. யாரும் யார் முகத்திலும் கை வைக்கவில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2023 மகளிர் உலகக் கோப்பையில் ஆடிய 32 அணிகளில் 12க்குத்தான் பெண்கள் தலைமைப் பயிற்சியாளர்கள். அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளில் இங்கிலாந்தின் சரீனா வீக்மன் ஒருவர் மட்டுமே பெண். மீதி இடங்களில் ஆண்கள். அவர்களிடம் எவரும் சங்கு ஊதுவீர்களா என்று கேட்கவில்லை. பெண்கள் உங்கள் பேச்சைக் கேட்பார்களா என்றும் கேட்கவில்லை. ஆண்கள் அங்கே வேலை பார்ப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. எங்களில் பலர் அவர்களிடம் கற்றவர்கள். ஒருவழிப் பாதையாக இருப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

இதில் எங்களுக்குள்ளேயே ஒரு விவாதம் உண்டு. ஆண்கள் அணிக்குப் போவதை ஏன் ஏதோ பதவி உயர்வு போலப் பேச வேண்டும் என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் கேட்கிறார்கள். 2021 பிப்ரவரியில் செல்சி மகளிர் அணியின் எம்மா ஹேய்ஸை, மூன்றாம் பிரிவில் தத்தளித்த ஏஎஃப்சி விம்பிள்டன் கழகத்தோடு சேர்த்துப் பேசியபோது அவரும் இதையே கேட்டார். மகளிர் அணியை விட்டு அங்கே போவது படியேறுவது என்று நினைப்பதே அவமதிப்பு என்றார். அவர்களால் எனக்குச் சம்பளம் கட்டுப்படியாகாது என்றும் சேர்த்துக்கொண்டார். ஹேய்ஸ் சொன்னதை முழுமையாக ஏற்கிறோம். மகளிர் கால்பந்து காத்திருப்போர் அறை அல்ல. ஆனால் ஆண்கள் அணிக்குப் பயிற்சி தர விரும்பும் ஒரு பெண்ணுக்கு அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே அறிக்கையில் இருக்கலாம்.

முறையாகச் செய்யத் தெரிந்த கழகமும் உண்டு. ஜெர்மனியின் இங்கோல்ஷ்டாட், தன் இளையோர் அணிகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்த சப்ரினா விட்மனை 2024 மே மாதம் முதல் அணிக்குத் தற்காலிகப் பொறுப்பாக்கியது. லீக்கில் மீதமிருந்த நான்கு போட்டிகள், பிறகு பவேரியக் கோப்பை இறுதி. கோப்பையை வென்றார். ஜூனில் நிரந்தர ஒப்பந்தம் வந்தது. ஜெர்மனியின் முதல் மூன்று பிரிவுகளில் ஆண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரான முதல் பெண் அவர். இங்கே எங்களுக்குப் பிடித்தது 'முதல் பெண்' என்ற பட்டம் அல்ல. வேலையைப் பார்த்தார்கள், பிடித்திருந்தது, வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

ஐரோப்பியக் கழகங்களைப் பற்றித் தமிழில் ஏன் அறிக்கை என்று கேட்கலாம். வார இறுதி இரவுகளில் இங்கிலாந்து, ஜெர்மனி, ஸ்பெயின் லீக்குகளைக் கண்விழித்துப் பார்க்கும் தமிழ் ரசிகர்கள் ஏராளம். அந்தக் கழகங்களின் சட்டைகளை நம் பிள்ளைகள் போட்டுக்கொண்டு தெருவில் ஆடுகிறார்கள். அங்கே ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்லப்படும் கேலி, மறுநாள் காலை நம் மைதானத்தில் விசில் ஊதும் பெண்ணின் காதில் தமிழில் விழுகிறது. எங்களுக்கு இது தூரத்துச் செய்தியாக இல்லை.

எனவே எங்கள் சங்கம் கேட்பது இது. ஒரு பெண்ணைத் தலைமைப் பயிற்சியாளராக அறிவிக்கும் கழகம், வீரர் ஒப்பந்தம், துணைப் பயிற்சியாளர் தேர்வு, பருவத்துக்கு முந்தைய போட்டிகள் ஆகியவற்றில் அவருக்கு உள்ள உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதித் தர வேண்டும். எழுதியதை மீறினால் அவர் முழு இழப்பீட்டோடு விலகலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். ப்ரோ உரிமப் படிப்புக்கு எத்தனை பெண்கள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்பதை ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அந்தச் சீட்டு இல்லாமல் மேல் பிரிவுகளில் எவரும் நிற்க முடியாது என்பதால் மற்றச் சீர்திருத்தங்களைவிட இதுவே அவசரம். நேர்காணலுக்கு ஒரு பெண்ணையாவது கட்டாயம் அழைக்க வேண்டும் என்ற விதி குறித்து எங்கள் செயற்குழுவில் கருத்து ஒன்றுபடவில்லை. வேலை தரும் எண்ணமே இல்லாமல் கணக்குக் காட்ட அழைப்பார்கள் என்று பாதிப் பேர் அஞ்சுகிறார்கள். ஆகவே அதை இப்போது கோரிக்கையாக வைக்கவில்லை.

சலுகை எதையும் கேட்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம். தொடர்ந்து ஆறு போட்டிகள் தோற்றால் ஆண் பயிற்சியாளரை நீக்குவது வழக்கம் என்றால், பெண்ணையும் நீக்கட்டும். நீக்கும்போது ஆட்டத்தைக் காரணம் சொல்லட்டும். அவர் தேர்ந்தெடுக்காத வீரர்களை வைத்துக்கொண்டு தோற்றதற்காக நீக்கினால், அந்தக் கழகத்தின் பெயரைக் குறிப்பிட்டு அடுத்த கண்டன அறிக்கை வரும்.

இந்த அறிக்கையை எங்கள் உறுப்பினர்கள் தத்தம் மாவட்டக் கால்பந்து அலுவலகங்களில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
சங்கத்தின் செயற்குழு